பெட்டியில் 40, திரையில் 38: பின்னலாடை பேக்கிங்கில் ஆர்.எஃப்.ஐ.டி கோளாறுகளைப் பிடிப்பது எப்படி

வெளிநாட்டு பையர்கள் பலர் இப்போது வெறும் பார்கோடோடு விடுவதில்லை. பீஸுக்கு ஒரு ஆர்.எஃப்.ஐ.டி டேக் (தன் எண்ணை ரேடியோ அலையில் சொல்லும் சிப் உள்ள டேக்) இருக்க வேண்டும், ஒட்டிய பெட்டியை டன்னலில், அதாவது டேக்குகளைப் படிக்கும் ரீடர் பொருத்திய கூண்டில், விட்டு எண்ண வேண்டும், அந்தப் பட்டியல் சரக்குக்கு முன்னால் தங்களுக்கு வந்து சேர வேண்டும் என்கிறார்கள். 2003இல் வால்மார்ட் தன் முதல் 100 சப்ளையர்களிடம் இதைக் கேட்டபோது பெட்டிக்கும் பேலட்டுக்கும் டேக் ஒட்டினால் போதும் என்றிருந்தது. 2005 ஜனவரி அதற்குக் கெடு. இன்று திருப்பூரில் டி-ஷர்ட் கட்டுகிற டேபிளில் ஒவ்வொரு பீஸுக்கும் அது வந்துவிட்டது. பட்டியலும் பெட்டியும் ஒத்துப்போகாவிட்டால் டெபிட் நோட், அதாவது பில்லில் பிடித்தம், வரும். உழைத்தது தையல் டேபிள், பணம் போவது பேக்கிங் டேபிளில். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்ணிக்கை குறைந்ததும் எல்லோர் கையும் ரீடரின் பவரை ஏற்றத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். பவரை ஏற்றினால் 38 என்பது 40 ஆகலாம். ஆனால் அந்த இரண்டும் பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். எத்தனை குறைகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த டேக் குறைகிறது, எந்த டேக் கூடுகிறது என்று பாருங்கள். கீழே உள்ள எல்லா வழிகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்புகின்றன.

கையில் இருக்க வேண்டியவை: பார்கோடும் ஆர்.எஃப்.ஐ.டியும் படிக்கும் ஹேண்ட்ஹெல்டு ஒன்று, நன்றாகப் படிக்கிறது என்று முன்பே சோதித்துத் தனியாக எடுத்துவைத்த பத்து டேக், ஒரு மாற்று ஆன்டெனா கேபிள், டன்னலிலிருந்து எட்டி இருக்கும் ஒரு மர டேபிள். செல்போனை வைத்து டேக்கைச் சோதிக்க முடியாது. போனில் இருப்பது 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் என்.எஃப்.சி. ஆடையில் இருப்பது 860 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்யும் யு.எச்.எஃப் டேக். "போனில் காட்டவே இல்லை, டேக் செத்துவிட்டது" என்று ஒரு ரோல் முழுவதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

அறிகுறி 1: பெட்டியில் ஒன்றிரண்டு குறைகிறது

பெட்டியைத் திரும்பத் திரும்ப டன்னலில் விடுவதற்கு முன், முதல் தடவை படித்த பட்டியலைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியைப் பிரித்து, டன்னலிலிருந்து தள்ளி இருக்கும் மர டேபிளுக்குக் கொண்டுபோங்கள். ஹேண்ட்ஹெல்டின் பவரை 15 டிபிஎம் (பவரை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்குங்கள். ஒவ்வொரு பீஸாக எடுத்து, மற்ற பீஸ்களிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வைத்து, முதலில் பார்கோடு, பிறகு டேக் என்று படியுங்கள். மூன்று குவியலாகப் பிரியும்:

முதல் குவியல், தனியாக வைத்தால் ஒழுங்காகப் படிப்பவை. இரண்டாவது, தனியாக வைத்தும் படிக்காதவை. மூன்றாவது, படிக்கிறது, ஆனால் அதே எண் வேறொரு பீஸிலும் இருக்கிறது.

நாற்பதும் முதல் குவியலில் விழுந்தால் டேக்கில் குற்றம் இல்லை, அடுக்கியதில்தான் குற்றம். ஒரே சைஸை ஒரே மாதிரி மடித்து ஒரே பக்கமாக அடுக்கினால் ஹேங்டேக்குகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கிய டேக்குகள் ஒன்றின் அலைவரிசையை மற்றொன்று இழுத்துவிடும். நடுவில் இருக்கும் டேக்குக்குச் சிப்பை எழுப்பும் அளவுக்குச் சக்தி போய்ச் சேராது. மெல்லிய சிங்கிள் ஜெர்சி பீஸ்களில் இது அதிகம், ஃப்ளீஸில் குறைவு. துணியின் கனமே டேக்குகளைப் பிரித்து வைத்துவிடுகிறது. தீர்வுக்குக் காசு செலவில்லை: ஒரு பீஸ் கழுத்து இந்தப் பக்கம், அடுத்த பீஸ் கழுத்து அந்தப் பக்கம் என்று தலைமாற்றி அடுக்குங்கள். பையர் ஒரே பக்கமாகத்தான் அடுக்க வேண்டும் என்றால், டேக்கைப் பாலி பேக்குக்குள் ஒரு பீஸில் இடது ஓரமாகவும் அடுத்ததில் வலது ஓரமாகவும் ஒதுக்கலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்குவது சரியாக இருந்தும் காலை ஷிஃப்டில் மட்டும் குறைகிறதா? அயர்னிங்கைப் பாருங்கள். ஸ்டீம் அடித்த சூட்டோடு பாலி பேக்கில் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். யு.எச்.எஃப் அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். பருத்தி இயல்பாகவே எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரம் பிடிக்கும் நூல். அதற்கு மேல் ஸ்டீம் ஈரமும் சேர்ந்தால் பெட்டியின் நடுவில் இருக்கும் பீஸ்களுக்கு அலை போய்ச் சேர்வதே கடினம். வாக்குவம் டேபிளில் ஈரத்தை நன்றாக இழுத்து, ஆறவிட்டு, பிறகு பேக் செய்யுங்கள். டேக் படிப்பதற்கு மட்டுமல்ல, கப்பலில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதற்கும் இதுவே வழி.

ஃபாயில் பிரின்ட், லூரெக்ஸ் நூல், உலோக ஜிப், அலுமினியப் பூச்சு உள்ள பை ஆகியவை டேக்குக்கு முன்னால் நின்றால் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். மார்பில் ஃபாயில் பிரின்ட் உள்ள ஸ்டைலில், மடித்த பிறகு டேக் எங்கே வந்து விழுகிறது என்று சாம்பிள் கட்டத்திலேயே பார்க்க வேண்டும். ப்ரொடக்‌ஷன் ஓடும்போது அதை மாற்றுவது பெரிய வேலை.

இரண்டாவது குவியல், அதாவது செத்த டேக். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அலுமினிய ஆன்டெனாவின் நடுவில் சின்ன வளையம் தெரியும். அந்த வளையத்தின் ஓரத்தில் கடுகில் பாதிகூட இல்லாத கருப்புப் புள்ளிதான் சிப். அந்தப் புள்ளியை ஒட்டி மடிப்பு விழுந்திருக்கிறதா, டேக் கன் ஊசி வளையத்தைக் கிழித்திருக்கிறதா, தையல் லேபிளாக இருந்தால் ஊசி ஆன்டெனாவைக் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன்டெனாவின் கோடியில் ஒரு குத்து விழுந்தால் டேக் சாகாது, தூரம் குறையும். வளையத்தில் விழுந்தால் பெரும்பாலும் அதோடு சரி. தையல் லேபிளுக்கு சீம் அலவன்ஸ் எவ்வளவு என்று லேபிள் சப்ளையரிடம் கேட்டு, அந்தக் கோட்டை லேபிளிலேயே அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். டெய்லரின் கண் அளவை நம்பி விடக்கூடாது. அது அவர் தவறும் அல்ல. ஆன்டெனா எங்கே முடிகிறது என்று மேலே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

எந்தச் சேதமும் தெரியாமல் வரிசையாகப் பல டேக் செத்திருந்தால் ஸ்டாட்டிக் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். வறண்ட ஏசி அறை, பாலியஸ்டர் துணி, பிளாஸ்டிக் ட்ரே மூன்றும் சேர்ந்த இடத்தில் இது நடக்கும். பிரின்டருக்கு எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது குவியல்தான் ஆபத்தானது. அதற்குத் தனியாக வருகிறோம்.

அறிகுறி 2: முதல் தடவை 40, உடனே திரும்ப விட்டால் 11

பெட்டி அதே பெட்டி, டேக் அதே டேக், எண்ணிக்கை மட்டும் சரிகிறது. ஆட்கள் பயந்துபோவது இதற்குத்தான். ஆனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு தடவை பதில் சொன்ன டேக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் விதி. எல்லா டேக்கும் சேர்ந்து கத்தினால் ரீடருக்கு ஒன்றும் கேட்காது. எவ்வளவு நேரம் மூடிக்கொள்ளும் என்பது ரீடரில் வைத்த செஷன் என்ற அமைப்பைப் பொறுத்தது. செஷன் 1 என்றால் அரை வினாடியிலிருந்து 5 வினாடிக்குள் மறந்துவிடும். செஷன் 2, 3 என்றால் ரீடரின் அலை பட்டுக்கொண்டிருக்கும்வரை மறக்காது. அலையை விட்டு வெளியே வந்த பிறகும் குறைந்தது 2 வினாடி நினைவு இருக்கும், பல சிப்புகளில் இன்னும் அதிகம்.

பெட்டியை டன்னலை விட்டு முழுதாக வெளியே எடுத்து, ஒரு நிமிடம் வைத்துவிட்டு மறுபடி விடுங்கள். 40 வந்தால் இதுதான் காரணம். நிரந்தரமாகச் சரிசெய்ய, ஒவ்வொரு பெட்டிக்கும் புதிய சுற்று தொடங்கும்போது எல்லா டேக்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலக்ட் கட்டளையை அனுப்பும்படி சாஃப்ட்வேர் ஆளிடம் சொல்லுங்கள். அல்லது பதில் சொல்வதற்கு முன்னும் பின்னும் டேக் இருக்கும் ஏ, பி என்ற இரண்டு நிலையிலும் மாறி மாறிப் படிக்க வைக்கலாம்.

அறிகுறி 3: எண்ணிக்கை கூடுகிறது

டன்னலைக் காலியாக வைத்து 30 வினாடி படிக்க விடுங்கள். பட்டியலில் எது வந்தாலும் அது வெளியிலிருந்து வருவது. அந்த எண்ணை ஹேண்ட்ஹெல்டில் போட்டு, தேடும் முறையில் சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று நடந்து பாருங்கள்.

பெரும்பாலும் போய் நிற்பது குப்பைக் கூடையில். பிரின்டர் "வாய்டு" (செல்லாது) என்று அடித்துத் தள்ளிய லேபிள்களில் சிப் உயிரோடுதான் இருக்கும். சிலவற்றில் பாதி எழுதிய எண்ணும் இருக்கும். கழிவு லேபிளை அப்படியே கூடையில் போடாமல், நடு வளையத்தின் குறுக்கே கத்தரித்துப் போடுங்கள். எத்தனை கழிந்தது என்ற கணக்கும் அப்போதே எழுதப்பட வேண்டும். அடுத்த இடம், டன்னலுக்குப் பின்னால் ரேக்கில் வைத்திருக்கும் டேக் ரோல்கள். மூன்றாவது, கன்வேயரில் ஒட்டி வரும் அடுத்த பெட்டி. டன்னலுக்குக் கதவு இல்லையென்றால் பெட்டிக்கும் பெட்டிக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள்.

லோடிங் வாசலில் ரீடர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. 34161 என்று தொடங்கும் ஒரு எண் அவ்வப்போது வந்து போகும். அது உங்கள் சரக்கு அல்ல, லாரியின் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக். அதுவும் இதே யு.எச்.எஃப் டேக்தான், இதே ரீடர் படிக்கும். ஆடை டேக்குக்குரிய எண் 30 என்று தொடங்கும். 30 அல்லாததைத் தள்ளிவிடு என்று ஒரு வரி வடிகட்டி போட்டால் இது தீர்ந்தது. பெட்டி லேபிளிலேயே டேக் வைத்திருந்தால் அது 31 என்று தொடங்கும். அதைத் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் முடிந்தும் மிச்சம் இருந்தால் மட்டும் பவரைத் தொடுங்கள், அதுவும் இறக்குவதற்கு. ஒரு தடவைக்கு 1 டெசிபெல். 3 டெசிபெல் குறைத்தால் சக்தி பாதியாகும். 6 குறைத்தால் எட்டும் தூரம் ஏறக்குறைய பாதியாகும். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்த ஐந்து பெட்டியை விட்டு, உள்ளே இருப்பது எதுவும் விடுபடவில்லை என்று பார்த்த பிறகே அடுத்த படி.

அறிகுறி 4: எண்ணிக்கை சரி, பையர் தரப்பில் ரிஜெக்ட்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரிய நஷ்டம் வருவது இதில்தான்.

டேக்கில் இருப்பது 24 எழுத்து கொண்ட ஒரு எண், அதற்குப் பெயர் இ.பி.சி. பதினாறடிமான முறையில், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் வரும். ஆடைக்கு வழக்கமாக எஸ்ஜிடின்-96 என்ற வடிவம். முதல் இரண்டு எழுத்து 30. அதன் பிறகு பையரின் கம்பெனி எண், ஸ்டைல்-கலர்-சைஸைக் குறிக்கும் ஐட்டம் எண், கடைசியில் பீஸுக்குப் பீஸ் மாறும் சீரியல். சீரியலுக்கு 38 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,74,87,79,06,943.

இதிலிருந்து, சாஃப்ட்வேர் எதுவும் இல்லாமல் கண்ணாலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. 96 பிட்டில் 38 போனால் மிச்சம் 58. எழுத்துக்கு 4 பிட் என்பதால், பதினாலரை எழுத்து வரை ஸ்டைல், கலர், சைஸ். கடைசி ஒன்பது எழுத்து முழுக்கச் சீரியல். ஆகவே ஒரே சைஸ் சாலிட் பேக்கிங் பெட்டியில் எல்லா டேக்குக்கும் முதல் 14 எழுத்து ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மாறினால் வேறு பீஸ் கலந்திருக்கிறது.

ஆனால் 14 எழுத்தும் ஒன்றாக இருந்தாலே ஒரே சைஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மீடியமும் லார்ஜும் அடுத்தடுத்த ஐட்டம் எண்ணாக இருக்கும்போது, அந்த வேறுபாடு பெரும்பாலும் ஐட்டம் எண்ணின் கடைசி இரண்டு பிட்டில்தான் இருக்கும். அவை 15ஆவது எழுத்துக்குள் போய் உட்காரும். சீரியல் சின்ன எண்ணிலிருந்து தொடங்கியிருந்தால், உதாரணமாக, மீடியத்துக்கு 15ஆவது இடத்தில் 4, லார்ஜுக்கு 8 என்று வரும். நாற்பது டேக்கைப் பட்டியலிட்டு 15ஆவது இடத்தை மேலிருந்து கீழே விரல் வைத்துப் பாருங்கள். 28 வரியில் 4, 12 வரியில் 8 என்றால் பெட்டியில் இரண்டு சைஸ் இருக்கிறது. மொத்தம் 40 என்று பச்சை விளக்கு எரிந்திருக்கும், ஆனாலும் சரக்கு தப்பு. சிப்பின் சொந்த எண்ணிலிருந்து சீரியல் எடுக்கும் முறையில் இந்த எழுத்தின் மதிப்பு வேறாக வரும். ஒரே சிப் கம்பெனி ரோலாக இருந்தால் அப்போதும் ஒரே சைஸுக்கு ஒரே எழுத்துதான்.

இப்போது மூன்றாவது குவியல்: ஒரே எண் இரண்டு பீஸில். ரீடர் ஒரு எண்ணை எத்தனை தடவை கேட்டாலும் ஒன்றாகவே எண்ணும். ஆகவே இரட்டை எண் உங்கள் திரையில் "குறைவு" என்றுதான் தெரியும். ஆட்கள் டேக் செத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு டேக் அடித்துக் கட்டுவார்கள். அப்போது பீஸில் இரண்டு டேக். சந்தேகம் வந்தால் டி.ஐ.டியைப் படியுங்கள். சிப் தயாரிக்கும்போதே எழுதிய, யாராலும் மாற்ற முடியாத எண் அது. இ2 என்று தொடங்கும். இ.பி.சி ஒன்று, டி.ஐ.டி இரண்டு என்றால் இரட்டைதான், சந்தேகமே இல்லை.

இரட்டை எங்கே பிறக்கிறது? ரோல் நடுவில் சிக்கியதும் பிரின்ட் வேலையை முதலிலிருந்து ஓட்டுவது. இரண்டு லேபிள் சப்ளையருக்கு ஒரே சீரியல் வரம்பைக் கொடுப்பது. இன்னொன்று எக்ஸெல். 12 இலக்கச் சீரியலை எக்ஸெல் 2.74878 என்று தொடங்கும் அடுக்குக்குறியாகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் காட்டிய அளவுதான் கோப்பில் போகும், மீதி இலக்கங்கள் போயே போய்விடும். ஆயிரம் சீரியல் ஒரே எண்ணாகிவிடும். முன்னால் பூஜ்ஜியத்தோடு தொடங்கும் ஐட்டம் கோடில் அந்தப் பூஜ்ஜியமும் விழும். நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று மாற்றிய பிறகே தரவை ஒட்டுங்கள். முடிந்தால் எக்ஸெலை இந்த வேலைக்குள் விடவே வேண்டாம்.

எண்ணெல்லாம் சரி, ஆனால் பையரின் திரையில் வேறு கம்பெனி பெயர் வருகிறது என்றால், கம்பெனி எண்ணின் நீளம் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனி எண் எங்கே முடிகிறது என்று டேக்கில் சொல்வது பார்ட்டிஷன் மதிப்பு: 7 இலக்கக் கம்பெனி எண்ணுக்கு அது 5, 8 இலக்கத்துக்கு 4. பார்கோடில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் பார்கோடில் இந்தப் பிரிப்பே கிடையாது. பையரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது ஒன்றே வழி.

அறிகுறி 5: பிரின்டர் வரிசையாக வாய்டு அடிக்கிறது, அல்லது லேபிளும் சிப்பும் ஒத்துவரவில்லை

ரோல் மாற்றிய உடனே என்றால், புதிய ரோலில் சிப் இருக்கும் இடம் வேறு. ஆர்.எஃப்.ஐ.டி கேலிப்ரேஷனை ஓட்டுங்கள். லேபிளின் நீளத்தையும் இடைவெளியையும் பிடிக்கும் மீடியா கேலிப்ரேஷன் வேறு, சிப்பின் இடத்தைப் பிடிக்கும் இது வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றது முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பவர் கூடுதலாக இருந்தாலும் பிரின்டர் அடுத்த லேபிளின் சிப்பையும் சேர்த்து எழுப்பிவிடும்.

அப்போது வருவதுதான் ஒன்று தள்ளிப்போகும் கோளாறு: இந்த லேபிளில் அச்சு, அடுத்த லேபிளின் சிப்பில் எழுத்து. சைஸ் மாறும் இடத்தில் மட்டும் ஒரு பீஸ் தப்பாகும், மற்றதெல்லாம் சரியாகத் தெரியும். சோதனை எளிது. ரோலின் தொடக்கத்தில் ஐந்து, சைஸ் மாறும் இடத்தில் ஐந்து, முடிவில் ஐந்து என வெட்டியெடுத்து, பிரின்டரை விட்டுத் தூரமாக மர டேபிளில் ஒவ்வொன்றாக வைத்து, அச்சடித்த பார்கோடும் சிப்பின் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்தப் பதினைந்து லேபிளைப் பார்க்காமல் ரோலைத் தையலுக்கு அனுப்பவே கூடாது.

அறிகுறி 6: ஹேண்ட்ஹெல்டு படிக்கிறது, டன்னல் படிக்கவில்லை

நான்கு ஆன்டெனாவில் ஒவ்வொன்றாக மட்டும் ஓடவிட்டு, சோதித்து வைத்த பத்து டேக்கைக் காட்டுங்கள். ஒரு போர்ட்டில் மட்டும் குறைந்தால், அந்தக் கேபிளைப் பக்கத்துப் போர்ட்டோடு மாற்றுங்கள். கோளாறு கேபிளோடு நகர்ந்தால் கேபிள், நகராவிட்டால் ஆன்டெனா அல்லது போர்ட். பெரும்பாலும் கனெக்டர் தளர்ந்திருக்கும், அல்லது கேபிள் கன்வேயர் ஓரத்தில் நசுங்கியிருக்கும். மலிவு என்று மெல்லிய ஆர்.ஜி-58 கேபிளை நீளமாக இழுக்காதீர்கள்: இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை டெசிபெல் போகும். ஆறு மீட்டர் இழுத்தால் சக்தியில் பாதி கேபிளிலேயே சூடாகிக் கரைந்துவிடும்.

நான்கு போர்ட்டும் ஒன்றாக மந்தமாக இருந்தால் ரீடரின் ரீஜியன் அமைப்பைப் பாருங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ளது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் 902 முதல் 928. வெளியிலிருந்து வாங்கிவந்த ரீடர் அமெரிக்க அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பு. 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையோடும் மோதும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம், ஏனென்றால் இது உங்கள் வாசலில் தெரியவே தெரியாது. 866இல் நன்றாகப் படிக்கும்படி மட்டும் வடிவமைத்த மலிவான டேக் திருப்பூர் டன்னலில் நாற்பதுக்கு நாற்பது வரும். அமெரிக்கக் கடையில் 915இல் படிக்கும்போது பாதி விடும். பையர் சொன்ன இன்லேயை (டேக்குக்குள் இருக்கும் சிப்பும் ஆன்டெனாவும் சேர்ந்த பகுதி) விட்டுவிட்டு "அதே மாதிரிதான்" என்று வேறொன்றைச் சப்ளையர் காட்டினால் ஏற்காதீர்கள். அமெரிக்கக் கடைகள் பல, ஆபர்ன் பல்கலைக்கழக ஆர்.எஃப்.ஐ.டி ஆய்வகத்தின் ஏ.ஆர்.சி தரப்பட்டியலில் உள்ள இன்லேயைத்தான் கேட்கின்றன. ஆர்டர் போடும் முன்பே இன்லேயின் மாடல் பெயர், பட்டியலின் எந்தப் பிரிவில் அது தேறியது என்ற இரண்டையும் சப்ளையரிடம் எழுத்தில் வாங்கி, முதல் ரோல் வந்ததும் டேக்கின் முதுகில் அச்சிட்ட மாடலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பில்லை பாஸ் செய்யுங்கள்.